சம்பந்தி தைத்துக்கொடுத்த போர்வை

என் மாமனார் போர்வை போர்த்திப் படுத்து வெகுகாலம் நான் பார்த்ததில்லை. திருவொற்றியூரில் எங்கள் வீடு கடலைப் பார்த்தபடி இருக்கிறது. அலை ஊருக்குள் வராமலிருக்கக் கரை நெடுகக் கொட்டிய பாறைகளுக்கும் வீட்டு வாசலுக்கும் நடுவில் ஒரு சாலைதான். மார்கழிப் பனியிலும் லுங்கியை மட்டும் கட்டிக்கொண்டு மொட்டைமாடியில் படுப்பார். கடலுக்குப் போன காலமெல்லாம் படகுப் பலகையில், ஈர வலைமேல் படுத்துப் பழகிய உடம்பு. நான் கல்யாணமாகி வந்த புதிதில் காற்றுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தினால், "இன்னாமா, கருவாட்டு டப்பா மாரி வூட்ட மூடி வெக்கிற?" என்பார். சிரிக்கமாட்டார். என்னோடு அவர் பேசிய நீளமான பேச்சு வெகுநாள் வரைக்கும் அதுதான். எங்களுக்குள் சண்டை கிடையாது, பேச்சும் கிடையாது.

அவர் மகனை நான் விரும்பிக் கட்டிக்கொண்டவள். ராயபுரத்தில் மெத்தை, தலையணை கடை வைத்திருப்பவரின் ஒரே மகள். எங்கள் குடும்பம் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தது, வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். அம்மா நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே இறந்துவிட்டாள். கடல்காரர் வீட்டுப் பையனைக் கட்டுகிறேன் என்று சொன்ன அன்று அப்பா ஒன்றும் பேசாமல் கடையைத் திறக்கப் போனார். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. நானும் போகவில்லை. ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் எவ்வளவு தூரம்? ரயிலில் ஏறி உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் வந்துவிடும். அந்தத் தூரத்தை இரண்டு பேரும் வருஷக்கணக்கில் கடக்காமல் இருந்தோம்.

சர்க்கரை மாமாவின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது என்று டாக்டர் சொன்னபோது எல்லாம் தாமதமாகிவிட்டிருந்தது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆயிற்று. என் கணவருக்கு எண்ணூர்ப் பக்கம் கண்டெய்னர் யார்டில் ஷிஃப்ட் வேலை. அத்தை விடியற்காலையில் காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்து மார்க்கெட்டில் உட்காருபவர். நான் சாயங்காலத்தில் வீட்டிலேயே டியூஷன் எடுப்பவள், பகலில் எனக்குத்தான் கை ஒழியும். ஆகவே ஆட்டோவில் அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போகும் வேலை என்னுடையதாயிற்று.

முதல் நாள் எனக்கு ஒன்றுமே தெரியாது. மிஷின்கள் சூடாகாமலிருக்க அந்த வார்டில் ஏ.சி.யை வைத்த வைப்பில் எனக்கே பல் கிட்டியது. ரத்தம் குழாய் வழியாக வெளியே போய் மிஷினைச் சுற்றிவிட்டுத் திரும்ப உடம்புக்குள் வருகிறது. போனது போலச் சூடாகவா திரும்பும்? சிறிது நேரத்தில் மாமாவுக்கு நடுக்கம் கண்டது. வீட்டிலிருந்து கொண்டுபோன பருத்திப் பெட்ஷீட்டை இரண்டாக மடித்துப் போர்த்தினேன். நிற்கவில்லை. ஊசி குத்தியிருந்த இடது கை ஆடியது, ஆடும்போதெல்லாம் மிஷின் கத்தியது. வெளியே சித்திரை வெயில் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருந்தது. புயலில் படகு ஓட்டின மனிதர் உதட்டைக் கடித்துக்கொண்டு நடுங்கினார்.

"வீட்ல இருந்து நல்ல போர்வையா எடுத்துட்டு வாங்கம்மா," என்றார் சிஸ்டர். "கை ஆடினா மிஷின் நின்னு நின்னு ஓடும். அவருக்குத்தான் கஷ்டம்."

மாமா என்னைப் பார்க்காமல் சொன்னார். "எனுக்கு ஒண்ணியும் இல்ல. சும்மா ஒதறுது."

அடுத்த முறை கம்பளி கொண்டுபோனேன். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு உடம்பு சதா அரிக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. கம்பளி பட்டதும் அவருடைய தோள், கழுத்து எல்லாம் சிவந்து தடித்தது. சொறியக் கை வராமல் தலையை இப்படியும் அப்படியும் தேய்த்தார். அதற்கடுத்து, எங்கள் கல்யாணத்துக்கு யாரோ கொடுத்த புலிப்படம் போட்ட வெல்வெட் போர்வை. அதற்கு இருந்த கனத்தில் ஊசிபோட்ட கை அமுங்கியது. அந்தக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்து ஆபரேஷன் செய்திருந்தார்கள். அதன்மேல் பாரம் ஏறக்கூடாது, வாட்ச் கட்டக்கூடாது, அந்தப் பக்கம் சாய்ந்து படுக்கக்கூடாது. சிஸ்டர் ஓடிவந்து போர்வையை எடுத்துப் போட்டார். அப்புறம் போனிலேயே ஆர்டர் போட்டு, பஞ்சு வைத்துத் தைத்த கம்ஃபர்டர் ஒன்று வாங்கினேன். படத்தில் பார்க்க அழகாக இருந்தது. மேல்துணி பளபளவென்று வழுக்கிக்கொண்டு கட்டிலிலிருந்து இறங்கியது. உள்ளே வேர்த்தது, வேர்வை காய்ந்ததும் முன்னைவிடக் குளிர்ந்தது. நாலாவது தடவை மடித்து எடுத்துப்போகும்போது உள்ளேயிருந்த பஞ்செல்லாம் கால்மாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. நான் மெத்தைக் கடையில் வளர்ந்தவள். பஞ்சு மூட்டைமேல் தூங்கி எழுந்தவள். எது நல்ல போர்வை என்று சொல்ல ஊரில் ஒரு ஆள் உண்டென்றால் அவர் யாரென்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில்தான் அந்தக் கடை. ஒவ்வொரு முறையும் ஆட்டோ அந்தத் தெருவைத் தாண்டும்போது நான் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஒருநாள் மாமா கேட்டார். "அதான உங்கப்பா கட?"

"ஆமா மாமா."

ஆட்டோ சிக்னலில் நின்றது. கடை வாசலில் அப்பா ஒரு தலையணையைத் தட்டி உப்பவைத்துக்கொண்டிருந்தார். முடி முழுக்க வெளுத்திருந்தது. நான் பார்ப்பதை மாமா கவனித்தார். சிக்னல் விழுந்து வண்டி நகர்ந்த பிறகு மெதுவாகச் சொன்னார். "எனுக்கோசரம் போவாதமா. உனுக்கு போவணும்னு தோணிச்சின்னா போ."

அந்த வாரமே போனேன்.

கடையில் கூட்டமில்லை. நான் படியேறியதும் அப்பா நிமிர்ந்து பார்த்தார். கையிலிருந்த அளவு டேப்பைச் சுருட்டினார், மறுபடி பிரித்தார், மறுபடி சுருட்டினார். பிறகு ஸ்டூலை என் பக்கம் தள்ளினார்.

"எதுக்கு நிக்க? உக்காரு."

உட்கார்ந்தேன். எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "ஒரு கம்ஃபர்டர் வேணும்பா," என்றேன்.

"எட்டி, யாருக்கு?"

"மாமாவுக்கு. டயாலிசிஸ் பண்றாங்க. அங்க ரொம்பக் குளிருது."

அப்பா உடனே எழுந்து எதையும் எடுக்கவில்லை. கேள்வி கேட்டார். எந்தக் கையில் ஊசி போடுகிறார்கள், மல்லாக்கப் படுப்பாரா ஒருச்சாய்த்தா, ஆள் கனமா மெலிவா, அரிப்பு உண்டா, ரத்தம் சிந்துமா, இதுவரை என்னென்ன வாங்கிப் போர்த்தியாயிற்று, போர்வையை யார் தூக்கிப்போவது, வீட்டில் வாஷிங் மெஷின் எவ்வளவு பெரிது. ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். இவ்வளவு வருஷத்தில் அவர் என்னைப் பற்றிக் கேட்காத கேள்வியெல்லாம் என் மாமனாரைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இலவம்பஞ்சு ஆகாது," என்றார். "தண்ணி பட்டா செத்துரும். பருத்திப் பஞ்சு சூடு கொடுக்கும், ஆனா கனம். அவியளுக்குக் கை தாங்காது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதை அடிக்கடி துவைச்சே ஆகணும். உள்ள ஃபைபர்தான் சரி. மேல பருத்தித் துணி, சாயம் ஏத்தாதது."

அலமாரியின் மேல்தட்டிலிருந்து வெள்ளையாக ஒன்றை இறக்கினார். ஒரு மூலையைப் பிடித்து முஷ்டிக்குள் கசக்கி விட்டார். அது மெல்ல எழுந்து பழைய உருவத்துக்கு வந்தது. "இப்படி எந்திரிக்கணும். எந்திரிக்காம கிடந்தா அது பழைய சரக்கு." பிறகு தையலைக் காட்டினார். "நீ வாங்கினது நெட்டுக்க கோடு கோடா தச்சிருப்பான். பஞ்சு ஓடிரும். கட்டம் கட்டமாத் தச்சிருக்கணும். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளயும் அதது நிக்கும்."

உறைகளும் எடுத்து வைத்தார். பொத்தான் போட்டு மூடுகிற பருத்தி உறை, உள்ளே நான்கு மூலையிலும் நாடா. "நாடாவைப் போர்வையில முடிஞ்சிரு, நழுவாது. உறையை மட்டும் ஒவ்வொரு தடவையும் துவை. உள்ள இருக்கதை வெயில்ல காயப்போடு, போதும். வாசனைத் தண்ணி ஊத்தாத. அவியளுக்கு அரிக்கும். மடிச்சு மேல கனத்தை வைக்காத."

பையில் போட்டுக் கொடுத்தார். படியிறங்கும்போது, "எட்டி," என்று கூப்பிட்டார். திரும்பினேன். "சாப்பிட்டியா?" என்றார்.

"சாப்பிட்டேன்பா," என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை.

வீட்டில் அத்தைதான் முதலில் அதைப் பிரித்தார். தூக்கிப் பார்த்தார். "இன்னாமா இது, வெயிட்டே இல்ல? அப்பளம் மாரி கீது. இது எங்க குளுரு தாங்கப் போவுது?" என்றார். மாமா போர்வையின் ஒரு மூலைக்குள் கையை நுழைத்து வைத்துக்கொண்டிருந்தார். சிறிது நேரம் கழித்து, "கையி சூடாவுது," என்றார்.

அடுத்த டயாலிசிஸில் கால் பாதத்தைச் சுற்றி மடித்து, தோள் வரைக்கும் இழுத்துவிட்டு, ஊசிபோட்ட கையை மட்டும் மேலாக விட்டு அதன்மேல் உறையின் ஓரத்தைப் போர்த்தினேன். மிஷின் ஓடியது. நான் அந்தச் சத்தத்துக்காகவே காத்திருந்தேன். கத்தவில்லை. மாமா கூரையைப் பார்த்தபடி கிடந்தார். பிறகு வாய் லேசாகத் திறந்தது. தூங்கிவிட்டார். அந்த வார்டில் அவர் தூங்கி அன்றுதான் பார்த்தேன்.

அந்தப் போர்வையைப் பார்த்துக்கொள்வது என் வாழ்க்கையின் ஒரு பகுதியாகிவிட்டது. துவைப்பது பெரிதில்லை, காயவைப்பதுதான் பாடு. எங்கள் பக்கம் மொட்டைமாடியில் எதைக் காயப்போட்டாலும் கரித்தூள் பொட்டுப் பொட்டாக உட்கார்ந்துவிடும். காலையில் காற்று நிலத்துப் பக்கமிருந்து அடிக்கும்போது அது ஆலைகளின் புகையையும் வாடையையும் சேர்த்துக் கொண்டுவரும். மதியத்துக்கு மேல் கடல்காற்று எழும். அப்போது காற்று சுத்தம், ஆனால் உப்பு ஈரம். நடுவில் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில்தான் போர்வை காயவேண்டும். ஆஸ்பத்திரி இல்லாத நாட்களில் மாமா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாறைகளுக்கு அப்பால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பார். "இப்ப போடுமா," என்பார். நான் கொண்டுபோய் விரிப்பேன். "வாரிக்கினு வா, ஈரம் ஏறுது," என்பார். ஓடிப்போய் எடுத்துவருவேன். அவருக்கு அப்போது செய்வதற்கிருந்த வேலை அது ஒன்றுதான். படகை விற்றாயிற்று. குடிக்கிற தண்ணீர்கூட அளவு பார்த்துத்தான். எனக்கே காற்று பிடிபட்ட பிறகும் அவர் சொல்கிறவரைக்கும் போர்வையை எடுக்காமல் இருந்தேன்.

ஆடி மாதத்தில் ஒருநாள் வார்டில் ஊசி கழன்றுவிட்டது. போர்வைக்குள் கழன்றதால் யாரும் கவனிக்கவில்லை. வெள்ளை உறை சிவந்த பிறகுதான் நான் கத்தினேன். சிஸ்டர்கள் ஓடிவந்து அழுத்திப் பிடித்தார்கள். ரத்தம் நின்றது. மாமாவுக்கு மயக்கம் தெளிந்ததும் முதலில் பார்த்தது போர்வையைத்தான்.

"கலீஜு ஆயிடிச்சா?"

"அது கெடக்கு மாமா."

"புச்சுமா அது," என்றார். கண்ணோரம் நனைந்திருந்தது. "உங்கப்பா குடுத்தது."

உறையைத் தாண்டி உள்ளேயும் ஊறியிருந்தது. ரத்தக்கறைக்கு வெந்நீர் ஆகாது, கறை அப்படியே பிடித்துக்கொள்ளும். பச்சைத் தண்ணீரில் ஊறவைத்தேன். எங்கள் வாஷிங் மெஷின் கொள்ளவில்லை. பாத்ரூமில் பெரிய அலுமினிய அன்னக்கூடையில் போட்டு, நானும் அத்தையும் மாற்றி மாற்றி இறங்கி மிதித்தோம். தண்ணீர் சிவப்பாக ஓடி, ரோஸாகி, தெளிவதற்கு வெகுநேரம் பிடித்தது. அத்தை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மிதித்தபடியே இருந்தார். எனக்குப் போதும் என்று பட்ட பிறகும் நிறுத்தவில்லை.

"அத்தே, விட்டுருங்க. போயிடுச்சு."

"எம் புருசன் ரத்தம்மா," என்றார். "சாக்கடையில போவுது பாரு."

இரண்டு பேரும் ஈரப் போர்வையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மாடிக்குத் தூக்கினோம். அவ்வளவு லேசாக இருந்த பொருள் தண்ணீர் குடித்துப் பிணம்போல் கனத்தது. அந்த வார்த்தையை நான் மனசுக்குள்தான் நினைத்தேன். காய்ந்த பிறகு பார்த்தால், மிதித்த மிதியில் கட்டத் தையல்கள் பல இடத்தில் விட்டுப்போய், ஃபைபர் உருண்டை உருண்டையாகத் திரண்டிருந்தது. மாமா அதை மடியில் வாங்கி வைத்துக்கொண்டார். நன்றாக இருந்த வலது கையால் ஒவ்வொரு உருண்டையாகத் துணிக்கு மேலிருந்தே பிய்த்துப் பிரித்துவிட்டார். அன்று முழுக்க அதையே செய்தார். உருண்டைகள் பிரிந்தன. ஆனால் தையல் இல்லாத இடத்தில் பஞ்சு நிற்கவில்லை. நெஞ்சுக்கு நேரே வெறும் துணியாகிவிட்டது.

அப்பாவுக்குப் போன் செய்தேன். வேறொன்று வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லத்தான் கூப்பிட்டேன்.

"என்ன ஆச்சுன்னு பாக்காம எப்படிச் சொல்லுவேன்?" என்றார். "வீடு எங்க இருக்கு?"

வீடு எங்கிருக்கிறது என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. நான் வழி சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் பூசை முடிந்ததும் அதற்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு வந்தார். கையில் ஒரு துணிப்பை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமல் நின்றார். மாமா பாயில் உட்கார்ந்திருந்தவர் எழுந்திருக்க முயன்றார். முடியவில்லை. வலது கையை நீட்டினார்.

"வா சம்மந்தி. இப்டி குந்து."

அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் அதுவரை யாரும் சொன்னதில்லை. என் கணவர் சட்டென்று சமையலறைக்குள் போய்விட்டார். அப்பா குனிந்து மாமாவின் கையைப் பிடித்தார், அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"எப்படி இருக்கிய?"

"இருக்கேன். உம் பொண்ணு பாத்துக்குது."

அப்பா போர்வையை விரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். திட்டவில்லை. பையிலிருந்து நீளமான ஊசிகளும் நூல்கண்டும் எடுத்தார். பஞ்சைக் கையால் தள்ளித் தள்ளிச் சமமாக்கினார். மாமா எதிர்ப்பக்க ஓரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டார். அப்பா கட்டம் கட்டமாகத் தைக்க ஆரம்பித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து நூல் கோத்துக்கொடுத்தேன்.

ஒரு வரிசைக் கட்டங்கள் தைத்து முடிந்தன. பிறகு மாமா சொன்னார். "நான் ஒன்னு சொல்லணும். உம் பொண்ணக் கட்ட மாட்டேன்னு சொல்லுடான்னு எம் புள்ளையாண்ட நான்தான் மொதல்ல சண்ட போட்டேன். கடைக்காரன் வூட்டுப் பொண்ணு, மீன் நாத்தம் தாங்காது, ஒரே மாசத்துல பூடும்னு சொன்னேன்."

அப்பா ஊசியை நிறுத்தினார். "நானும் அதைத்தான் சொன்னேன். ஒரே மாசத்துல திரும்பி வந்துருவான்னு."

"வரலியே."

"வரல," என்றார் அப்பா. "ரொம்ப நாள் வாசலையே பாத்துட்டிருந்தேன்."

எனக்கு நூல் கோக்க வரவில்லை. ஊசித்துளை கலங்கித் தெரிந்தது. மாமா என் கையிலிருந்து ஊசியை வாங்கி அப்பாவிடம் கொடுத்தார். "அயுவாதமா," என்றார். "போய் டீ போடு. சம்மந்திக்கு சக்கர தூக்கலா போடு. எனுக்குத்தான் ஒண்ணியும் ஆவாது."

அத்தை அன்று வஞ்சிர மீன் வறுத்தார். அப்பா சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். அதற்குப் பிறகு எல்லா ஞாயிறும் என்று சொல்லமுடியாது, ஆனால் அடிக்கடி வந்தார். தையலைப் பார்க்கிறேன் என்பார். தையல் நன்றாகவே இருந்தது. இரண்டு பேரும் காசிமேட்டுத் துறைமுகம் கட்டின கதை, புயலில் ராயபுரம் தெருக்களில் நின்ற தண்ணீர், யார் யார் கடை எங்கே இருந்தது என்று பேசிக்கொண்டிருப்பார்கள். போகும்போது அப்பா போர்வையை இழுத்து மாமாவின் பாதத்தைச் சுற்றிச் செருகிவிட்டுப் போவார்.

ஐப்பசி மழை தொடங்கிய பிறகு மாமாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. வார்டுக்கு வெளியிலும் குளிர்ந்தது. வீட்டிலும் அந்தப் போர்வைக்குள்ளேயே இருந்தார். ஒருநாள் காலையில் அத்தை மார்க்கெட்டுக்குப் போகவில்லை. ஏனென்று கேட்டதற்கு, "தோணல," என்றார். அரை டம்ளர் டீயை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "இந்தா, எய்ந்துக்கோ," என்றார். மாமா கண்ணைத் திறந்து அத்தையைப் பார்த்தார். டீயைக் குடிக்கவில்லை. அத்தை டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நான் வந்து தொட்டுப் பார்க்கும்போது போர்வைக்குள் பாதம் இன்னும் சூடாகத்தான் இருந்தது. அந்தச் சூடு அவருடையதா போர்வையுடையதா என்று தெரியாமல் வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

குப்பமே வந்துவிட்டது. அப்பா கடையைப் பூட்டிவிட்டு வந்து, பந்தல் காலோரமாக நின்றார். குளிப்பாட்டுவதற்கு எடுக்கும்போது, முறை தெரிந்த பங்காளி ஒருவர் அவருடைய பாயையும் தலையணையையும் போர்வையையும் சுருட்டி வாசலுக்கு வெளியே வைத்தார். செத்தவர் படுக்கை வீட்டில் தங்கக்கூடாது, வழியில் போட்டுவிடவேண்டும் என்பது வழக்கம். மழைத் தண்ணீர் தேங்கிய சாலையோரத்தில் வெள்ளைப் போர்வை கிடந்ததை நான் பார்த்தேன். நான் இந்த வீட்டு மருமகள், அதிலும் வேறு மதத்தில் பிறந்தவள். எதைச் சொன்னாலும் தப்பாகிவிடும் என்று பயம்.

அத்தைதான் எழுந்து போனார். போர்வையைக் கையில் எடுத்தார், ஒட்டியிருந்த சேற்றை முந்தானையால் துடைத்தார்.

"அண்ணி, அத வுடு. ஆவாது," என்றார் பங்காளி.

"பாய தூக்கிப் போடு. தலகாணிய போடு. இத்த போட வுடமாட்டேன்," என்றார் அத்தை. "மய பெஞ்சிகினு கீது. அவுருக்குக் குளுரும். மேல போத்தி அனுப்பு."

பங்காளி ஒதுங்கி வழிவிட்டார். குளிப்பாட்டி, புதுவேட்டி கட்டி, பாடையில் கிடத்தியதும் அத்தை போர்வையை விரித்தார். அப்பா பந்தல் காலை விட்டு நகர்ந்து வந்தார். பாதத்துப் பக்கம் குனிந்து இரண்டு ஓரத்தையும் உள்ளே செருகிவிட்டார். அதற்குமேல் மாலைகளைப் போட்டார்கள்.

பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. அங்கே நடந்ததை என் கணவர் வந்து சொன்னார். குழியில் இறக்குவதற்கு முன் மாலையையும் போர்வையையும் எடுத்துவிடச் சொன்னார்களாம். எடுத்த போர்வையை அங்கே வேலை செய்பவர் தன்னுடைய பங்காக வாங்கிக்கொண்டாராம். "மழையில நனையாம அவரு ஷெட்டுக்குள்ள கொண்டுபோய் மடிச்சு வெச்சாரு," என்றார் என் கணவர். "நான் கேட்டு வாங்கிட்டு வந்துருக்கணுமா?"

"வேணாம்," என்றேன். அத்தையும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "யாரோ ஒருத்தர் போத்திக்கினு தூங்கட்டும்," என்றார்.

காரியமெல்லாம் முடிந்து அத்தை மறுபடி மார்க்கெட்டுக்குப் போக ஆரம்பித்தார். மழை ஓய்ந்து பனி தொடங்கியது. மாமா படுத்திருந்த இடத்தில் இப்போது அவர் படுத்தார், முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு. நான் ஒரு பெட்ஷீட்டைக் கொண்டுபோய்ப் போட்டால் காலையில் அது மடித்தபடி தலைமாட்டில் இருக்கும். நான் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை.

ஒரு மதியம் மார்க்கெட்டிலிருந்து வந்தவர் கால்கூடக் கழுவாமல் சொன்னார். "எனுக்கு ஒரு போர்வ வேணும்மா. உங்கப்பா கடைக்கு இட்டுகினு போ."

இரண்டு பேரும் ரயிலேறிப் போனோம். அப்பா எழுந்து நின்று வரவேற்றார். மாமாவுக்குக் கொடுத்தது போலவே ஒன்றை இறக்கினார். அத்தை தொட்டுவிட்டு ஒதுக்கினார். அடுத்ததையும் ஒதுக்கினார். கடையின் உள்ளே போய், மூலையில் அடுக்கியிருந்த, பருத்திப் பஞ்சு அடைத்த தடித்த ரஜாய்களை ஒவ்வொன்றாகக் கையை அடியில் கொடுத்துத் தூக்கிப் பார்த்தார்.

"இது," என்றார்.

"சம்பந்தி, அது வடநாட்டுக் குளிருக்குச் செய்யுதது," என்றார் அப்பா. "நம்ம ஊருக்குக் கனம் கூடுதல். படுத்தா அமுக்கும். துவைக்கவும் ஏலாது."

"அமுக்கட்டும்," என்றார் அத்தை. "எனுக்கு மேல கனமா கெடக்கணும். லேசா இருந்தா தூக்கம் வர மாட்டேங்குது."

அப்பா என்னைப் பார்த்தார். ரஜாயை எடுத்துப் பிரித்து, ஓரம் ஓரமாகத் தையலைத் தடவிப் பார்த்து, ஒரு இடத்தில் நூல் தொங்கியதைப் பல்லால் கடித்து அறுத்து, திரும்ப மடித்துக் கயிறு போட்டுக் கட்டிக்கொடுத்தார்.

ஸ்டேஷனில் நான் வாங்கிக்கொள்கிறேன் என்று கையை நீட்டினேன். அத்தை கொடுக்கவில்லை. மீன்கூடையை இடுக்கிக்கொள்வது போல அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு படியேறினார். ரயிலில் மடியில் வைத்துக்கொண்டார். திருவொற்றியூர் வரும்வரை இரண்டு கையும் அதன்மேல்தான் இருந்தன.